நம்ம காரும் எங்க மண்ணும்

என் தாய்மாமா நாகர்கோவிலில் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். அம்பாசடர். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. ஒருநாளும் அதை 'என் வண்டி' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'நம்ம வண்டி'தான். தெருவில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும், யாராவது வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாலும் நம்ம வண்டி போகும். பணம் பிறகு வரும். சில சமயம் வராது. 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோன செய்தியைப் பேப்பரில் காட்டினேன். "சவம், போட்டும் மக்கா. நம்ம வண்டின்னு சொல்லதுக்கு இனி என்ன இருக்கு?" என்றார். கேட்டுவிட்டு அவர் மறந்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

ஏனென்றால் கணக்குப் பார்த்தால் அம்பாசடர் நம்ம வண்டியே இல்லை. அது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மூன்றாம் வரிசைக் காரை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கியது. வடிவம் அவர்களுடையது. எஞ்சினும் அவர்கள் வழி வந்தது. பிறகு எதை வைத்து மாமா அதை நம்ம வண்டி என்றார்?

ஒருமுறை கேட்டிருக்கிறேன். "எந்த மூலையில நின்னாலும் பாக்கதுக்கு ஆளு உண்டும்லா" என்றார். குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்குள் நின்றாலும், ஆரல்வாய்மொழிக் காற்றில் நின்றாலும், பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர் ஸ்பேனரோடு வந்து பானெட்டைத் திறந்து, கேட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, கிளப்பிவிடுவார். செய்தவன் யாராக இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். மாமா சொன்ன 'நம்ம' அந்த ஒர்க்‌ஷாப்காரரையும், பின்சீட்டில் வலியோடு படுத்திருந்த பெண்ணையும் சேர்த்துத்தான்.

தமிழில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'எங்க ஊரு' என்று சொல்லும்போது எதிரில் நிற்பவர் விருந்தாளி. 'நம்ம ஊரு' என்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. ஐந்து வயதுக் குழந்தைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. ஆனால் ஒரு தேசமோ கம்பெனியோ பேசும்போது இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. 'நம்ம நாட்டுக் கார்', 'நம்ம தொழில்' என்கிறார்கள். அந்த 'நம்ம'வுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? கார் செய்வதைப் பற்றிய கட்டுரையில் இலக்கணம் எதற்கு என்றால், இதற்காகத்தான்.

*

தமிழ்நாட்டுக்கும் சொந்தமாக ஒரு கார் இருந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி. 1961இல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். ஆனால் பிரிட்டனில் அந்தக் காருக்கு இரண்டு கதவுதான். நம் குடும்பங்கள் பெரியவை, பின்சீட்டுக்குப் பாட்டி ஏறவேண்டும். இங்கிருந்த பொறியாளர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். 1972இல் கஸெல் வந்தது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் யாரோ ஒருவர் நம் பாட்டியை நினைத்து ஒரு காரை மாற்றியிருக்கிறார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதே கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது. வெளியே பார்த்தால் பிரிட்டனின் ரோவர், அந்தக் காலத்துக்கு அழகான உடம்பு. பானெட்டைத் திறந்தால் உள்ளே 1940களின் வான்கார்டு காரின் எஞ்சின் வம்சம். பட்டுச்சட்டைக்குள் தாத்தாவின் இதயம். அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 1988 வாக்கில் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. அதோடு அந்தப் பெயரில் கார் செய்வதும் முடிந்தது.

இதைச் சொல்லும்போது இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, 'அந்நியன் வந்து நம்ம தொழிலை அழித்துவிட்டான்' என்று அழும். இன்னொரு கட்சி, 'லைசன்ஸ் ராஜ்யம் ஒழிந்தது, நல்லது' என்று சிரிக்கும். எனக்கு இரண்டிலும் சேர முடியவில்லை. அந்த முப்பது நாற்பது வருடம், போட்டி இல்லாத சந்தையில், காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் 'நம்ம கார்' என்று சொல்லப்பட்டது. அவர்கள் எந்தக் குறையைச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாங்குகிறவன் அந்த 'நம்ம'வுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உலகம் மாறியபோது அவன் ஓடிப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

*

அடுத்த காலம் திறந்த சந்தை. மறைமலைநகரில் ஃபோர்டு. 1995இல் மகிந்திராவோடு கூட்டாக வந்தது, பிறகு தனியாக நின்றது. அதைத் தொடர்ந்து ஹூண்டாய், நிசான் என்று சென்னையைச் சுற்றி ஒரு பெரிய கார் உலகமே எழுந்தது. நாஞ்சில் நாட்டில் பாலிடெக்னிக் முடித்த பையன்கள் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். என் வகுப்பில் மட்டும் ஆறு பேர். அதில் ஒருவன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அது எது என்று இங்கே வேண்டாம். லீவில் வரும்போது சீருடைச் சட்டையோடு வருவான். 'நாம எல்லாம் ஒரே குடும்பம்னு எச்சார் மீட்டிங்ல சொல்லுவாங்கடே' என்று சிரிப்பான். சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. சுமார் 4,000 ஊழியர்கள் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. அந்தத் தொழிற்சாலையை நம்பி உதிரிபாகம் செய்துகொண்டிருந்தவர்கள் வேறு. 2022இல் கடைசிக் கார் வெளியே வந்தது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் போராடியது செய்தியாக வந்தது. இப்போது அதே இடத்தில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் செய்யப்போவதாக, 2029இல் உற்பத்தி தொடங்கும் என்று 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2021இல் வேலை போனவனுக்கு 2029 வரை வயிறு காத்திருக்காது.

நான் ஃபோர்டைத் திட்டவில்லை. நஷ்டத்தில் ஒரு கம்பெனி எத்தனை நாள் ஓடும்? கேட்க வேண்டியது வேறு. மறைமலைநகரில் முடிவு எடுக்கப்படவில்லை. அமெரிக்காவில் டியர்பார்னில் எடுக்கப்பட்டு இங்கே படித்துக் காட்டப்பட்டது. அந்த மேசையில் வேலை செய்கிறவனுக்கு நாற்காலி இல்லை. என் நண்பனின் கம்பெனியிலும் அதே வருடம் ஆள் குறைத்தார்கள். 'குடும்பம்' என்ற சொல்லை அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை. முதல் காலத்தில் வாங்குகிறவன் வெளியே நின்றான். இரண்டாம் காலத்தில் வாங்குகிறவன் உள்ளே வந்தான், அவனுக்கு ஏசி ஷோரூமில் காபி கொடுத்தார்கள். செய்கிறவன் வெளியே போனான்.

*

இனி மூன்றாவது காலம். இது நேராக என் ஊர்க் கடற்கரைக்கு வருகிறது.

மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, மோட்டார் இருக்கிறது. பெரும்பாலான மோட்டார்களுக்குள் ஒன்றிரண்டு கிலோ நிரந்தரக் காந்தம் இருக்கிறது. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். சூட்டில் சக்தி குறையாமலிருக்க டிஸ்புரோசியமும் டெர்பியமும் துளி சேர்ப்பார்கள். இவற்றை அருமண் தனிமங்கள் என்கிறோம். உலகத்தில் இவற்றைச் சுத்திகரிப்பதிலும் காந்தமாக்குவதிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவோடு நடந்த வரிச்சண்டையில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. இரண்டே மாதத்தில் அதன் அடி இங்கே விழுந்தது. மாருதி தன் முதல் மின்சாரக் காரான இ-விடாராவின் ஏப்ரல்-செப்டம்பர் உற்பத்தித் திட்டத்தை 26,500இலிருந்து சுமார் 8,200 ஆகக் குறைத்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஒரு கையளவு காந்தம் இல்லாமல் ஒரு முழுக் கார் நின்றது.

அந்தக் காந்தத்தின் கதையிலும் ஒரு பாடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அதை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஜப்பானில் மசாட்டோ சகாவா. இன்னொருவர் ஜான் குரோட், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்காகத் தொடங்கிய மேக்னிக்வெஞ்ச் என்ற பிரிவை 1995இல் சீனக் கம்பெனிகள் இருந்த ஒரு கூட்டுக்கு விற்றது. பிறகு தொழில் மெல்ல சீனாவுக்கே போய்விட்டது. லாபக் கணக்கில் அன்றைக்கு அது சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, நியோடிமியம் எங்கே கிடைக்கும்? மோனசைட் என்ற கனிமத்தில். மோனசைட் எங்கே? குளச்சலுக்குப் பக்கத்தில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்.

எங்கள் மணலுக்கும் உலகத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் என்பது வரலாறு. தென்னை நாரோடு ஒட்டிக்கொண்டு எங்கள் மண் தானே கப்பலேறிப் போயிருக்கிறது. அவர் அதைத் தேடி இங்கே வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கத் தொடங்கினார். எதற்கு? விளக்குக்கு. மோனசைட்டில் இருக்கும் தோரியத்தை வைத்துத்தான் அன்றைக்கு காஸ் விளக்கு மேண்டில் செய்தார்கள். அந்த மேண்டிலைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியர். அவரேதான் 1885இல் நியோடிமியத்தையும் முதலில் பிரித்தெடுத்தவர்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில், கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு ஆள் நடப்பார்கள். அந்த விளக்கின் வெள்ளை மேண்டில், தொட்டால் சாம்பலாக உதிர்வது, எங்கள் கடற்கரை மணலின் உறவு என்று தெரியாமலே அதை விலை கொடுத்து வாங்கினோம். மண் போனது, வெளிச்சம் விலையோடு திரும்பி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று மணவாளக்குறிச்சி ஆலையை நடத்துவது அதுதான். இங்கே மணலைத் தனித்தனிக் கனிமங்களாகப் பிரிப்பார்கள், மோனசைட்டின் ரசாயன வேலையெல்லாம் வெளியே. அந்நியன் போனான், ஆனால் வழி பெரிதாக மாறவில்லை. 2012 ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த அருமண் பொருளை நிறுத்திவைக்கச் சொல்லி அரசு கேட்டதாக 2025 ஜூனில்தான் செய்தி வந்தது. அதே நவம்பரில், இங்கேயே வருடத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்: நம்ம காந்தம். நம்ம கார். தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டது. மண்ணும் பக்கத்தில் இருக்கிறது. இனி என்ன தடை?

*

போன மாசியில் மிடாலம் பக்கம் போயிருந்தேன். நான் ஓட்டிப் போனது மின்சார ஸ்கூட்டர். பெட்ரோல் விலையைப் பார்த்து வாங்கியது, மற்றபடி பெரிய கொள்கை எதுவும் இல்லை. கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபர் 1ஆம் தேதி வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் நடக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சீனா, காந்தம், கார், நாட்டுக்குத் தேவை. பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்கூட்டரைக் காட்டி, "இதுக்குள்ளயும் அந்தக் காந்தம் கெடக்கா?" என்றார்.

"இருக்கும் தாத்தா."

"ஓ. நம்ம காருன்னு சொல்லுகியோ. ஆனா எடுக்கது எங்க மண்ணுல்லா."

அவர் இலக்கணம் படித்தவரில்லை. ஆனால் 'நம்ம' எங்கே முடிந்து 'எங்க' எங்கே தொடங்குகிறது என்று ஒரே வரியில் காட்டிவிட்டார்.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். கடற்கரை மக்களின் பெரிய பயம் புற்றுநோய். ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒரு கதை இருக்கிறது. இதே போன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையத்தானே செய்யும் என்று ஆலைத் தரப்பு சொல்வதிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் கரையை வாழ்விடமாகக் கொண்டவனின் கேள்வி கதிர்வீச்சு மட்டுமல்ல. மணல் போனால் கடல் எதுவரை வரும், கிணற்றில் உப்பு ஏறுமா, மடி கரையேற்ற இடம் இருக்குமா? இதற்கெல்லாம் பதில் சொல்லும் இடம்தான் கருத்துக்கேட்பு. 2025 செப்டம்பர் 8ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணையால், அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டது. நாட்டின் பாதுகாப்பும் அவசியத் தேவையும் காரணம். தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

என் சிக்கல் இங்கேதான். தேவை உண்மை. சீனாவின் ஒரு உத்தரவில் இங்கே ஆயிரக்கணக்கான பேரின் வேலை ஆடுகிறது, என் நண்பனைப் போன்றவர்களின் வேலை. அந்தத் தேவையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நாம்' என்று சொல்லி ஒருவரை உள்ளே அழைத்துவிட்டு, அவர் வாயைத் திறக்குமுன் கதவைச் சாத்தினால் அது 'நாம்' இல்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்தச் சொல். சேர்ப்பது என்றால், மாட்டேன் என்று சொல்லும் உரிமையோடு சேர்ப்பது. அந்த உரிமை இல்லாதவரை அழைப்பதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு, பங்காளி என்பது அதில் ஒன்றல்ல.

கேட்காமல் எடுத்தால் கார்கூட வராது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அம்பாசடர் செய்யப்பட்ட அதே ஹூக்ளி மாவட்டத்தில்தான் சிங்கூர். அங்கே 2006இல் நானோ காருக்காக விவசாயிகளின் சுமார் 1,000 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. மனமுவந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குப் போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தியது செல்லாது என்று சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தொழிற்சாலையும் இல்லை, காங்கிரீட் கிடந்த வயலும் பழைய வயல் இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி நேர்மையோடு நிறுத்துகிறேன். 'எங்க மண்ணைத் தொடாதே' என்று சொல்லிவிட்டு அதே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறேனே, அந்தக் காந்தம் எங்கிருந்து வந்தது? சீனாவின் உள்மங்கோலியாவில் பாவ்டோவுக்கு வெளியே சுத்திகரிப்புக் கழிவு ஒரு பெரிய ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது. மியான்மரின் கச்சின் மலைகளில் ரசாயனத்தை மண்ணுக்குள் செலுத்தி, கரைந்து வருவதைச் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் ஓடை இருக்கிறது, வலை இருக்கிறது, அங்கே யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மிடாலத்தின் மறுப்பை நான் ஆதரிக்கிறேன் என்றால், கச்சின் மலையின் மறுப்பும் என் கணக்கில் வரவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்வது என் வீட்டுக் குப்பையைப் பெருக்கிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவது.

அப்படியானால் காரே வேண்டாமா? அந்த இடத்துக்கு நான் போகவில்லை. 'வேறு வழியில்லை' என்று நம்மிடம் சொல்லப்படுவது பல சமயம் யாரோ ஒருவர் எடுத்த வடிவமைப்பு முடிவு. ரெனோவும் பிஎம்டபிள்யூவும் அருமண் காந்தமே இல்லாத மோட்டாரோடு மின்சாரக் கார் விற்றிருக்கின்றன. பழைய மோட்டாரிலிருந்து காந்தத்தைத் திரும்ப எடுக்கலாம். எடை குறைந்த வண்டிக்குச் சின்னக் காந்தம் போதும். ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டு டன் கார் தேவையா என்பதும் ஒரு கேள்விதான். ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தவர் தன் மேசையில் பாட்டியை உட்கார வைத்திருந்தார். இன்றைக்கு மோட்டார் வடிவமைக்கிறவரின் மேசையில் கடற்கரைக்காரருக்கும் ஓர் இடம் இருக்கலாம். அதற்குப் பிறகும் மணல் தேவைப்பட்டால், அப்போது போய்க் கேட்கலாம். 'இல்லை' என்ற பதிலுக்குத் தயாராகப் போய்க் கேட்கலாம். அது தாமதம்தான். ஸ்டாண்டர்டு 2000க்குக் காத்திருந்ததைவிட மோசமான தாமதமாக இருக்காது.

மாமா இப்போது இல்லை. இருந்திருந்தால் மின்சாரக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நமக்கு என்னத்தடே தெரியும்" என்று மூடியிருப்பார். உள்ளே இருப்பதில் ஒரு துளி, அவர் தினமும் கடந்துபோன கடற்கரையிலும் உண்டு என்று சொல்லியிருப்பேன். நம்பியிருப்பாரா தெரியாது.

அன்றைக்குக் கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன். "தாத்தா, ஒருவேளை எல்லா விவரத்தையும் மேசையில வச்சு, உங்கட்ட முறையா வந்து கேட்டா என்ன சொல்லுவிய?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல வந்து கேக்கட்டு" என்றார். "பதிலு அதுக்குப் பொறவுல்லா."